முதுகுப் பக்கமாகத் தேய்த்த கத்தி

அன்பும் மதிப்பும் நிறைந்த மகள் கயல்விழிக்கு,

உன் தாய் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் தந்தையாரும் நலம். அங்கு உன் நலமும், உன்னோடு விடுதியில் தங்கியிருக்கும் தோழியர் நலமும் அறிய அவா. நீ தொலைபேசியில் கேட்டவற்றுக்கு உரிய காலத்தில் பதில் எழுதாமல் தாமதித்தமைக்கு முதற்கண் என் வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். ஆயுத பூஜை நெருங்குகிறது; ஆட்டோக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் இருக்கை உறை மாற்ற வந்து நிற்கிறார்கள்; தட்டாஞ்சாவடிக் கடையில் தலை நிமிர நேரமில்லை என்றுதான் உன் அப்பாவிடம் சொல்லிவந்தேன். அது பொய்யன்று. ஆயினும் தாமதத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. அதை உரிய இடத்தில் தெரிவிக்கிறேன். இப்போதும் உன் அப்பா என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்து, "இன்னா, பெத்த பொண்ணுக்கு எழுதறியா, கலெக்டருக்கு மனு எழுதறியா?" என்கிறார். நான் பள்ளியில் கற்றது சொற்பம். மீதித் தமிழை யாரிடமும் போய்க் கேளாமல், கையில் கிடைத்ததையெல்லாம் படித்துப் படித்து நானே சேர்த்துக்கொண்டேன். அப்படிச் சேர்த்ததை என் மகளுக்கு எழுதும்போது செலவு செய்யாமல் வேறு எதற்கு வைத்திருப்பது?

அன்று நீ பேசியது சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. "அம்மா, மதாம் குடுத்த கத்தி முனை ஒடஞ்சிபோச்சும்மா" என்றாய். கோயம்புத்தூர்ப் பக்கம் ஏதோவொரு தொழிற்சாலையின் கூரைமேல் சோலார் பலகை பூட்டிக்கொண்டிருந்தபோது, இறுகிக்கொண்ட கிளிப் ஒன்றை அந்தக் கத்தியால் நெம்பினாயாம்; முனை தெறித்துவிட்டதாம். அதைப் பார்த்த மேஸ்திரி, "கத்தியவே பாத்துக்கத் தெரியல, நீ மேல ஏறி என்ன பண்ணப்போற? கீழ போயி அட்டைப்பெட்டி பிரி" என்று உன்னை இறக்கிவிட்டாராம். அந்தக் குழுவில் நீ ஒருத்திதான் பெண். மற்றவர்களின் கையிலும் பொருள் உடைந்ததுண்டு, அவர்களை யாரும் இறக்கவில்லை என்று நீ சொன்னபோது உன் குரல் தாழ்ந்துபோயிற்று. பிறகு ஒரே மூச்சில் இரண்டு கேள்வி கேட்டாய். "வேற கத்தி வாங்கறதுன்னா இன்னா மாதிரி வாங்கணும்மா? இல்ல, வேலைய வுட்டுட்டு வந்துடட்டா? கடையில உன்கூடவே ஒக்காந்துக்கறேன்." உடைந்த கத்தியைக் கூரியரில் அனுப்பியிருப்பதாகவும், "நானே கொஞ்சம் தேச்சுப் பாத்தேன், இன்னும் கெடுத்துட்டேன்னு நெனைக்கிறேன்" என்றும் சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டாய். எளிய கேள்விக்கு முதலில் பதில் எழுதுகிறேன். கடினமானதற்கு அதுவே வழிகாட்டும் என்று நம்புகிறேன்.

முதலில் அந்தக் கத்தியைப் பற்றி. எல்லோரும் மதாம் என்றே அழைக்கும் அந்த அம்மையார் வீட்டுப் பழைய சோபாவை நான் பிரித்து, ஸ்பிரிங் கட்டி, புதுத் துணி போர்த்திக் கொடுத்தபோது அவர் மகிழ்ந்து கொடுத்தது அது. அவருடைய கணவர் பிரான்சு பட்டாளத்தில் சிப்பாயாக, நம் ஊர்ப் பேச்சில் சொல்தாவாக, இருந்தவர்; மகன் இன்றும் அங்கேதான். "பாரீசுலேந்து என் பையன் கொண்டாந்தது. நீ கத்தி புடிக்கிற அழகுக்கு இது உங்கிட்டதான் இருக்கணும்" என்றார். கையில் கொடுக்கவில்லை, மேசைமேல் வைத்து, எடுத்துக்கொள்ளச் சொன்னார். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் பகை வரும் என்னும் நம் ஊர் வழக்கத்தைப் பிரான்சு பென்ஷன் வாங்கும் அம்மையாரும் விடவில்லை. பளபளக்கும் மரப்பிடி, அதற்குள் மடங்கும் மெல்லிய அலகு, ஊசிபோல ஒடுங்கிய முனை. பிரான்சிலிருந்து வந்த பொருளென்றால் மறுகேள்வி கேளாமல் உயர்ந்தது என்று எண்ணும் பழக்கம் நம் புதுச்சேரிக்காரர்களின் இரத்தத்தில் இருக்கிறது. எனக்கும் இருக்கிறது. நீ வேலைக்குப் புறப்பட்டபோது வீட்டில் இருந்தவற்றுள் மிக உயர்ந்ததைக் கொடுக்கிறோம் என்ற பெருமையில் அதை உன் பைக்குப் பக்கத்தில் வைத்தேன். பழம் நறுக்கவும் பாலாடைக் கட்டி வெட்டவும் செய்த சாப்பாட்டு மேசைக் கத்தி அது. அதை இரும்போடும் கம்பியோடும் போரிட அனுப்பியவள் நான். மேஸ்திரி கணக்குக் கேட்பதாயின் என்னிடம்தான் கேட்க வேண்டும்.

உனக்கு வேண்டியது விலை மலிந்த, அடிபட அஞ்சாத கத்தி. விலை மலிவு என்பதை நான் குறைவாகச் சொல்லவில்லை, கயல். அது ஒரு தகுதி. விலையுயர்ந்த கத்தியை வைத்திருப்பவர் அதைக் காப்பாற்றிக்கொண்டேயிருப்பார். மலிவான கத்தியை வைத்திருப்பவர் வேலையைப் பார்ப்பார். நான் நாள்தோறும் கையாளும் மடக்குக் கத்தி காந்தி வீதியின் சண்டே மார்க்கெட்டில், தரையில் விரித்த சாக்கின்மேல் கிடந்தது. அதைக் கண்டெடுத்த நாளை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது. கடைக்காரத் தம்பி பெரிதாக ஒன்றை எடுத்து நீட்டி, "அக்கா, இது ஜெர்மனி எஃகு. யானையக்கூட அறுக்கலாம்" என்றான். "யானைய அறுக்கிற வேல எங்கிட்ட வர்றதில்ல தம்பி. ரெக்சின் அறுக்கணும். அந்த ஓரமாக் கெடக்கிறத எடு" என்றேன். எடுத்து வைத்தான். திறந்தேன், மூடினேன். திறந்து பிடித்துக்கொண்டு அலகை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தேன். பூட்டு விழுந்த பிறகு அலகின் முதுகை மரப்பெட்டியின்மேல் தட்டினேன். வெயிலுக்கு எதிரே பிடித்து முனையை ஒற்றைக் கண்ணால் நோக்கினேன். உன் அப்பா பொறுமை இழந்து, "கத்தி வாங்க வந்தியா, மாப்ள பாக்க வந்தியா? பல்லு வெளக்கிச்சான்னு கேக்கறது ஒண்ணுதான் பாக்கி" என்றார். தம்பி அதற்கும் சளைக்கவில்லை. "மாப்ளயக்கூட இந்த அக்கா இவ்ளோ பாத்திருக்க மாட்டாங்க சார், உங்களப் பாத்தாலே தெரியுது" என்றான். உன் அப்பா இன்றுவரை அவன் பக்கம் போவதில்லை.

அன்று நான் பார்த்தவற்றையே நீயும் பார். திறந்ததும் பூட்டு உறுதியாக விழ வேண்டும். கூரையில் தொங்கிக்கொண்டு வேலை செய்கிறவளின் விரல்மீது அலகு மடங்கி விழலாகாது. அலகு உன் உள்ளங்கை அகலத்தைச் சற்றே தாண்டினால் போதும். நீளம் கூடினால் வளையும், காண்பவரும் வேறு மாதிரி நினைப்பார்கள். அலகைப் பிடியோடு சேர்க்கும் இடத்தில் அறைந்த ஆணி இல்லாமல் திருகாணி இருக்கட்டும். தளர்ந்தால் நீயே முறுக்கிக்கொள்ளலாம். எஃகு மிகக் கடினமாக இருந்தால் நெடுநாள் கூராக இருக்கும், ஆனால் சில்லு சில்லாகத் தெறிக்கும். சாதாரண எஃகு விரைவில் மழுங்கும், கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் மறுபடி வந்துவிடும். உன் வேலைக்கு இரண்டாவதுதான் தோழி. பிடி வழுவழுப்பாக இருக்கக் கூடாது, வியர்வையில் நழுவும். ஆரஞ்சு, மஞ்சள் என்று கண்ணைப் பறிக்கும் நிறமாக இருந்தால் கூரையில் எங்கே வைத்தாலும் தெரியும். பிடியின் முடிவில் துளை இருந்தால் கயிறு கட்டி இடுப்பில் மாட்டு. கீழே நிற்பவன் தலையும் பிழைக்கும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக முனையைப் பார். முதுகு கடைசிவரை கனமாக வந்து, முனைக்கு அருகில் மெதுவாக இறங்கி விளிம்பைச் சந்திக்க வேண்டும். ஊசிமுனை அழகு, இறங்கிய முனை உழைப்பு. அதையும்கூட நெம்புவதற்கு எடுக்காதே. நெம்புவதற்கென்று ஒரு பழைய திருப்புளி உன் பையில் கிடக்கட்டும்.

முனையின் அருமையை உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விடுமுறையில் கடைக்கு வந்து என் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, புதிய ரெக்சினில் நான் முதல் கீறல் போடுவதை மூச்சை அடக்கிப் பார்த்துக்கொண்டிருப்பாய். எந்த வெட்டும் முனையில்தான் தொடங்குகிறது. முனை கூராக இருந்தால் ரெக்சின் சத்தமில்லாமல் திறந்து வழிவிடும். மழுங்கியிருந்தால் முதலில் மறுக்கும், பிறகு நாம் அழுத்துவோம், பிறகு அது கோட்டைத் தாண்டிக் கிழியும். உனக்கும் அப்படியே. கேபிளைக் கட்டிய பிளாஸ்டிக் பட்டைக்கு அடியில் நுழைவது முனைதான். அது மழுங்கியிருந்தால் நீ அழுத்துவாய், கத்தி கேபிளின் தோலைக் கிழிக்கும், அல்லது உன் தோலை. ஆனால் பெரும்பாலோர் கத்தியின் நடுப்பகுதியைத் தீட்டிவிட்டு முனையை மறந்துவிடுகிறார்கள். நேரான பகுதி கல்லில் படியும். வளைந்து முனைக்கு ஏறும் இடம் கல்லைத் தொடாமலே போய்விடும். ஆகவே, இழுத்துக்கொண்டே வந்து வளைவை அடைந்ததும் பிடியைக் கொஞ்சம் உயர்த்து. முனை கல்லை முத்தமிடும் அளவுக்குப் போதும். முனை கல்லின் ஓரத்தைத் தாண்டி வழுக்கி விழுவதற்கு முன் நிறுத்திவிடு. வழுக்கினால் முனை உருண்டுவிடும், அத்தனை உழைப்பும் வீண். கல் எங்கே தொடுகிறது என்று ஐயம் வந்தால் விளிம்பில் மார்க்கரால் மை பூசிவிட்டு இழு. மை போன இடம் தீட்டிய இடம், மை நிற்கும் இடம் நீ ஏமாந்த இடம். ஒரு பக்கம் தீட்டியதும் மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு எழும்; விளிம்பின் வழியே அல்லாமல் குறுக்காக விரலை வைத்துத் தடவினால் தட்டுப்படும். முனைவரை அந்தப் பிசிறு வந்த பிறகே கத்தியைத் திருப்பு. கடைசியில் அப்பாவின் பழைய தோல் பெல்ட்டில் பின்னோக்கி இழுத்து முடி. சிமெண்டுத் தரையிலும் தகரத்திலும் பொருளை வைத்து வெட்டாதே. அடியில் ஓர் அட்டைத் துண்டு இருக்கட்டும். என் கத்தி வெட்டுவதைப் பார்த்த ஆட்டோக்காரர் ஒருவர் போன வாரம், "அக்கா, இது கத்தியா, நாக்கா? எங்க வூட்டம்மா நாக்குதான் இவ்ளோ நைசா அறுக்கும்" என்றார். அவருடைய வீட்டம்மா பின்னிருக்கையில்தான் உட்கார்ந்திருந்தார். "வூட்டுக்கு வா, முனைய காட்டறேன்" என்றார் அந்த அம்மாள். நான் குனிந்துகொண்டு தைத்தேன்.

இனி, இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நீ தொலைபேசியை வைத்த மறுநாளே, கயல், நான் ஒரு முக்காலி வாங்கினேன். பச்சை நிற இருக்கை தைத்து, என் தையல் இயந்திரத்துக்கு எதிரே போட்டேன். வரும் ஆட்டோக்காரர்களிடமெல்லாம், "எம் பொண்ணு வரப்போறா, இனிமே ரெண்டு கை" என்று சொல்லியும்விட்டேன். கூரியரில் வந்த உன் பொட்டலத்தை நான் பிரிக்கவேயில்லை. பிரித்தால் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்று எண்ணினேன்: உடைந்து, மேலும் கெடுக்கப்பட்ட ஒரு கத்தி. அதைப் பார்த்து என்ன ஆகப்போகிறது, பிள்ளை வரட்டும், வந்துவிடு என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது என்று எண்ணினேன். அந்த ஒரு வரியை எழுத உட்கார்ந்தபோதெல்லாம் கை நின்றது. இதுதான் தாமதத்தின் மீதிக் காரணம்.

நேற்றுப் பிற்பகல் மதாம் கடைக்கு வந்தார். திண்டு ஒன்றுக்கு உறை அளவு கொடுக்க வந்தவர், "கத்தி எப்டி இருக்கு? பொண்ணு வச்சிருக்கா?" என்று கேட்டார். வேறு வழியில்லாமல் பொட்டலத்தை எடுத்து, நூலை என் கத்தியால் அறுத்து, செய்தித்தாளை விரித்தேன். கத்தி மூடியிருந்தது. மூடிய பிடியின் வாயோரமாக விரலை ஓட்டினேன், எதுவும் குத்தவில்லை. எனக்கு அங்கேயே வியப்பு தொடங்கியது. ஏனென்று சொல்கிறேன். தொழில் தொடங்கிய புதிதில் நானும் ஒரு மடக்குக் கத்தியின் முனையை உடைத்திருக்கிறேன். புது முனை வரவழைக்க, எல்லோரும் செய்வதுபோல வெட்டும் விளிம்பையே மேல்நோக்கித் தேய்த்தேன். முனை வந்தது. ஆனால் அது முதுகை நோக்கி ஏறிவிட்டதால், கத்தியை மடக்கியபோது பிடிக்குள் அடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. பையையும் கிழித்தது, என் இடுப்பையும் கீறியது. விளிம்பைத் தொடாமல் முதுகைக் கீழ்நோக்கித் தேய்த்து விளிம்புக்குக் கொண்டுவர வேண்டும் என்பதைக் கண்டுபிடிப்பதற்குள் அந்தக் கத்தி பாழாகிவிட்டது. அடுத்த கத்தியில்தான் அந்த அறிவு வந்தது.

உன் கத்தியைத் திறந்தேன். விளிம்பு அப்படியே இருந்தது, பிரான்சுப் பளபளப்பு கொஞ்சமும் மாறாமல். முதுகுப் பக்கம் முனைக்கு அருகில் மட்டும் சொரசொரவென்று சிமெண்டில் உரசிய கோடுகள், எல்லாம் ஒரே சாய்வில். ஊசிபோல இருந்த முனை போய், கனமான, இறங்கிய, உழைக்கிற முனை வந்திருந்தது. கோடுகளுக்குள் எங்கேயும் சிமெண்டுப் பொடி அடையவில்லை; தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துத் தேய்த்திருக்கிறாய். இதை நான் உனக்குக் கற்பிக்கவில்லை. எப்போதும் கற்பித்ததில்லை, உன் முன்னால் செய்ததுகூட இல்லை. ஒரு ரெக்சின் துண்டை எடுத்து முனையை வைத்தேன். அழுத்தவே இல்லை, திறந்துகொண்டது. மதாம் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்து, "இது நான் குடுத்த கத்தி இல்லியே" என்றார். "நீங்க குடுத்ததுதான் மதாம். எம் பொண்ணு அத வேலைக்கு அனுப்பிட்டா" என்றேன். அவர் ரெக்சினின் வெட்டை விரலால் தடவிவிட்டு, "நான் குடுத்தத வுட இதான் நல்லாருக்கு" என்றார். பிரான்சைவிட ஒன்று நன்றாக இருக்கிறதென்று அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுவே முதல் முறை.

அவர் போன பிறகு வெகுநேரம் அந்த முக்காலிக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். அழுதுகொண்டு கீழே இறங்கியவள், அட்டைப்பெட்டி பிரிக்கும் வேளைகளுக்கு இடையில், கையில் கிடைத்த சிமெண்டுத் துண்டையும் ஒரு குவளைத் தண்ணீரையும் வைத்துக்கொண்டு, உடைந்ததை எந்தப் பக்கமிருந்து சரி செய்ய வேண்டும் என்று யோசித்திருக்கிறாள். எனக்கு ஒரு கத்தி பாழானது; உனக்கு ஒன்றும் பாழாகவில்லை. அப்படிப்பட்ட ஒருத்தியை என் எதிரே உட்காரவைத்து, நான் வெட்டிய கோட்டின்மேல் தைக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆசை இருக்கிறது, அதை மறைக்கப்போவதில்லை. நீ என் கருத்தைக் கேட்டாய். என் கருத்து இது: வராதே. அந்தக் கத்தி உன்னிடம் வந்து சேர்ந்ததும், அதை எடுத்துக்கொண்டு போய் மேஸ்திரியின் எதிரே ஒரு கேபிள் பட்டையை அறுத்துக் காட்டு. நாகரிகமாகவே பேசு. "முனை ஒடஞ்சது, நானே சரி பண்ணிக்கிட்டேன், மேல ஏத்துங்க" என்று சொல். அதற்குப் பிறகும் அவர் உன்னைக் கீழேயே வைத்தால், குறை கத்தியிலும் இல்லை, உன்னிடத்திலும் இல்லை. அப்போது வேறு கூரை தேடு, கூரைகளுக்கா பஞ்சம்? இதை உன்னோடு தங்கியிருக்கும் தோழியர் படித்தாலும் எனக்கு மறுப்பில்லை. அவர்களுள் யாரேனும் கீழே இறக்கப்பட்டிருந்தால் அவர்களுக்கும் சேர்த்தே எழுதியதாகக் கொள்ளட்டும்.

உன் கத்தியைப் பூஜையன்று என் கத்தரிக்கோலுக்கும் இயந்திரத்துக்கும் நடுவே வைத்துச் சந்தனமும் குங்குமமும் இடுவேன். பூஜை முடிந்ததும் அப்பா டெம்போவில் சரக்கு ஏற்றிக்கொண்டு உன் ஊர்ப் பக்கம் வருகிறார். உன் கத்தியோடு, வரும் ஞாயிறு சண்டே மார்க்கெட்டில் நான் பார்த்துப் பார்த்து எடுக்கப்போகும் ஆரஞ்சுப் பிடிக் கத்தி ஒன்றும், ஒரு சாணைக்கல்லும், பழைய பெல்ட்டின் ஒரு துண்டும் வரும். அவர் எதையும் உன் கையில் கொடுக்க மாட்டார். வண்டியின் இருக்கைமேல் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பார். எடுப்பது உன் கை. பச்சை முக்காலி இங்கேயே இருக்கும். பொங்கலுக்கு வரும்போது உட்காரலாம். அதுவரை அதன்மேல் ஃபோம் வெட்டுத் துண்டுகளைப் போட்டு வைக்கிறேன். காலியாக இருந்தால் கண்ணில் படுகிறது.

கத்தி கிடைத்த பிறகு மேஸ்திரியிடம் பேசினாயா, மேலே ஏறினாயா என்பதை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். சீக்கிரம் பதில் போடு.

இப்படிக்கு,
உன் அம்மா
கருவடிக்குப்பம், புதுச்சேரி